சத்துமாவுக்குக் கிரேக்கப் பெயர்

விளம்பர மொழிபெயர்ப்பில் நேரும் தப்புகளைப் பற்றிப் பேசுங்கள் என்று உங்கள் மேலாளர் என்னிடம் கேட்டுக்கொண்டார். தப்பு செய்ய உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நேற்று நீங்கள் எழுதிய தாள்களைப் பார்த்தேன், நன்றாகவே செய்கிறீர்கள். ஆனால் தப்பு உங்களுக்கு மேலே உட்கார்ந்திருப்பவருடையதாக இருந்தால், அதுவும் அவர் அதை ஆசையாகப் பெற்றுத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அறுபதுகளில் பம்பாயில், செம்பூரில் ஒரு தொழிற்சாலையின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தேன். பிஸ்கெட்டும் குழந்தைகளுக்கான சத்துமாவும் செய்கிற கம்பெனி. எங்கள் வீடு தாராவியில். திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்து வந்த குடும்பம். அப்பா பலகாரக் கடை வைத்திருந்தார். மாட்டுங்காவில் இன்டர் சயின்ஸ் வரை படித்துவிட்டு நின்றவள் நான். இங்கிலீஷில் வரும் விளம்பரத்தைத் தமிழில் எழுதுவது என் வேலை. எழுதியதை அச்சகத்துக்காரர்கள் தலைகீழாக ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான்.

எங்கள் மேனேஜரை எல்லோரும் விசு சார் என்போம். பாலக்காட்டுக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் மாட்டுங்கா. நல்ல மனுஷர். ஒரே ஒரு குறை: கல்லூரியில் ஒரு பாதிரியாரிடம் கொஞ்ச நாள் கிரேக்கம் கற்றிருந்தார். நிறைய நாள் கற்றிருந்தால் அடங்கியிருப்பார். கொஞ்ச நாள் என்பதால் அது அவருக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது. கான்டீன் பூனைக்கு த்ரெம்மா என்று பெயர் வைத்தார். வளர்க்கப்பட்ட ஜீவன் என்று அர்த்தமாம். பூனையும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தது, கையில் மீன் இருந்தால்.

கம்பெனி புதிதாக ஒரு குழந்தை மாவு கொண்டுவரத் தீர்மானித்ததும் விசு சாருக்கு வாழ்நாள் அதிர்ஷ்டம் அடித்தது போல் ஆகிவிட்டது. பெயர் வைக்கும் பொறுப்பு அவருக்கு. எங்கிருந்தோ தலையணை அளவுக்கு ஓர் அகராதியை இரவல் வாங்கிவந்து மேஜைமேல் போட்டார். ஊட்டி வளர்ப்பதற்குக் கிரேக்கத்தில் ஒரு வினைச்சொல் இருக்கிறது, ட்ரெஃபோ. அதிலிருந்து ட்ரோஃபே என்றால் உணவு, ட்ரோஃபோஸ் என்றால் வளர்க்கும் தாதி. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தால் போதும், அவர் ஆரம்பித்துவிடுவார். நிகழ்காலம் ட்ரெஃபோ. எதிர்காலத்தில் அது த்ரெப்ஸோ ஆகிவிடும். அந்தச் சொல்லுக்குள் ஒரு மூச்சுக்குத்தான் இடமாம். முதலில் அந்த மூச்சு பின்னால் 'ஃப' மேல் உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் ஒடுங்கிப் 'ப்ஸ' ஆனதும் அதற்கு உட்கார இடமில்லாமல் எழுந்து முன்னால் வந்து 'ட'வை 'த' ஆக்கிவிடும்.

"எங்காத்து ஈஸிசேர் மாதிரியாக்கும்," என்றார் விசு சார். "மாமனார் எழுந்தாத்தான் நான் உக்காரலாம்."

இப்படித்தான் எனக்குக் கொஞ்சம் கிரேக்கம் வந்தது, தயிர்சாதத்தோடு.

அவருக்கே புரியாத விஷயம் ஒன்றும் இருந்தது. அந்தச் சொல்லுக்கு அகராதி முதலில் போட்டிருந்த அர்த்தம் ஊட்டுவதும் இல்லை, வளர்ப்பதும் இல்லை. பாலைக் கெட்டியாக்குவது, உறையவைப்பது. அதற்குப் பிறகுதான் குழந்தை வளர்ப்பு வந்தது. பாலாடைக்கட்டிக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு மூன்று நாள் புலம்பினார். நான் சொன்னேன், சார், நாம் பாலைக் காய்ச்சிக் கெட்டியாக்கினால் திரட்டுப்பால் என்கிறோமே, மெலிந்த பிள்ளை சதைபிடித்தால் உடம்பு திரண்டிருக்கிறது என்கிறோமே, அப்படித்தான் அவர்களுக்கும் தோன்றியிருக்கும். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அன்றிலிருந்து எனக்கு மரியாதை கூடியது. அதோடு தொல்லையும் கூடியது.

ஒரு வாரம் கழித்துப் பெயரை அறிவித்தார். அட்ரோஃபா.

ட்ரோஃபே என்றால் உணவு. அதற்கு முன்னால் ஏன் அ என்று கேட்டதற்கு, ஏ-ஒன் சரக்கு என்பதைக் காட்ட என்றார். மருந்துக்கடைக்காரர்கள் அகரவரிசையில் அடுக்கினால் நம் டப்பாதான் முதலில் நிற்கும் என்றும் சொன்னார்.  இன்டர் சயின்ஸில் உயிரியல் படித்தவர்களுக்கு அட்ரோஃபி என்றால் தெரியும். ஊட்டமில்லாமல் உறுப்பு சூம்பிப்போவது. அதுவும் அதே கிரேக்கச் சொல்லில் இருந்து வந்ததுதான். குழந்தைகளுக்கான மாவின் டப்பாவில் கொழுகொழுவென்று ஒரு குழந்தையைப் போட்டு, அதன் தலைக்குமேல் 'சூம்பல்' என்று எழுதப் போகிறோம். இதை முதலில் வாங்கிப் பார்க்கப் போகிறவர்கள் டாக்டர்கள்.

ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனால் சர்க்கரை அளவு விஷயத்தில் விசு சாரோடு சண்டை போட்டிருந்தார்கள். அதனால் பெயரைக் கேட்டு மிகவும் பொருத்தம் என்று சொல்லி அனுப்பினார்கள். படம் போடுகிற பாண்டுரங்குக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவன் ஜானே தோ, விட்டுத்தள்ளு என்றுதான் சொல்லியிருப்பான். அவனுக்குக் குழந்தையின் கன்னம் சரியாக வந்தால் போதும்.

எனக்கு அடுத்த மேஜையில் ஹிந்தி விளம்பரம் எழுதுகிற பெண் இருந்தாள். என்னைவிட ஓராண்டு முன்னால் சேர்ந்தவள். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது மருமகள்களை அதட்டிக்கொண்டிருக்கும் மாமியார். அந்த மரியாதை கெட வேண்டாம். அவளிடம் போய், நேராகச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே பதில் சொன்னாள். பெயர் வைத்தவருக்கு அது பிள்ளை. பிள்ளை அசிங்கமாக இருக்கிறது என்று பெற்றவரிடம் சொல்லாதே. சந்தேகம் கேள். சந்தேகம் கேட்டவளை எந்த ஆபீஸிலும் வேலையைவிட்டு அனுப்பியதில்லை. நான் இந்தத் தொழிலில் கேட்ட புத்திமதிகளில் இதைவிட உருப்படியானது வேறில்லை. அவள் பின்னிய ஸ்வெட்டரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

சரி, அடுத்த நாள் தனியாகச் சந்தேகம் கேட்கலாம் என்று இருந்தேன். அடுத்த நாளே முதலாளி வந்துவிட்டார்.

முதலாளி குஜராத்திக்காரர். சேட் என்போம். குறைவாகப் பேசுவார், சீக்கிரம் முடிவெடுப்பார். நீள மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். பாண்டுரங் வரைந்த லேபிள் நடுவில் கிடந்தது. விசு சார் எழுந்து ட்ரெஃபோ, த்ரெப்ஸோ எல்லாம் சொல்லி, ஏ-ஒன் வரைக்கும் வந்து சேர்ந்தார். சேட் லேபிளைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது. அன்று சாயங்காலமே லேபிள் அச்சுக்குப் போகட்டும் என்றார். சுற்றிலும் எல்லாத் தலைகளும் ஆடின. ஆய்வகத்துத் தலை கொஞ்சம் அதிகமாகவே ஆடியது. முதலில் தாராவியிலும் மாட்டுங்காவிலும் விற்றுப் பார்ப்பதாக ஏற்பாடு. அதனால் தமிழ் விளம்பரம் தயாரா என்று சேட் என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் எழுந்தேன். வாய்விட்டு உண்மையைச் சொன்னால் விசு சாருக்கு அந்த அறையில் முகம் இருக்காது. சொல்லாவிட்டால் பம்பாய் டாக்டர்கள் எல்லோர் முன்னாலும் முகம் இருக்காது. அப்போதுதான் ஒன்று தோன்றியது. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் அவரும் நானும் மட்டும்தான்.

விளம்பரத்தை வாசிப்பவள்போலக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டேன். அதில் இருந்ததை வாசிக்கவில்லை.

"சார், ஒரு சந்தேகம்," என்றேன், விளம்பரம் வாசிக்கிற அதே ராகத்தில். "பெயர் வாயில் நிற்கிறதுக்காக அகரத்தில் தொடங்குகிற வார்த்தைகளாகத் தேடினேன். நீதி, அநீதி. சுத்தம், அசுத்தம். தர்மம், அதர்மம். சக்தி, அசக்தி. ட்ரோஃபே, அட்ரோஃபா. நம்ம பாஷையிலே அ முன்னாலே வந்தா இப்படி ஆகிடறது. கிரேக்கத்திலே எப்படி சார்?"

சேட் தலையசைத்து ரசித்தார். தர்மம், அதர்மம் அவருக்கும் புரிந்திருக்கும், ஆனால் விளம்பரத்தின் எதுகை என்றே எடுத்துக்கொண்டார் போலும்.

விசு சார் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திருகுவது நின்றது. முகத்தில் ரத்தம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. என்னைப் பார்க்காமல் தமிழில் மெதுவாகச் சொன்னார். "அங்கேயும் அப்படித்தான். ஈஸ்வரா."

அடுத்து அவர் செய்ததை நான் இன்றுவரை மெச்சுகிறேன். திரும்பி சேட்டிடம், இது நிஜப் பெயர் இல்லை என்றார். என் ஆட்கள் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறார்களா, யோசிக்கிறார்களா என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே தப்பான பெயரை வைத்தேன். யோசித்தது இந்தப் பெண் ஒருத்திதான். அட்ரோஃபி என்றால் என்னவென்று ஆய்வகத்துக்குமா தெரியவில்லை என்றும் கேட்டார். ஆய்வகத்துத் தலை ஆடுவது நின்றது. சேட் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியானால் நிஜப் பெயர் என்ன, சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டும் என்றார்.

விசு சார் என்னைப் பார்த்தார்.  அவருக்கு எங்கிருந்தோ வந்தது.

"திரள்," என்றார்.

கிரேக்கமா என்று சேட் கேட்டார்.

கண்ணைக் கூடச் சிமிட்டாமல், சுத்த கிரேக்கம் என்றார் விசு சார். பால் திரள்வதற்கும் குழந்தை வளர்வதற்கும் ஒரே சொல், த்ரெப்ஸோவில் வருகிற அதே த. சேட்டுக்குத் திருப்தி. கூட்டம் முடிந்தது. விசு சார் என்னைத் தாண்டிப் போகும்போது, "உன் சந்தேகங்களை இனிமே கார்த்தாலேயே கேட்டுடு," என்று மட்டும் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் இது வெற்றிக்கதை. உங்கள் மேலாளரும் சந்தோஷப்பட்டிருப்பார்.

திரள் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு இன்னொரு கலக்கம் வந்தது. எங்கள் பக்கத்தில் பெண் பெரியவளாவதைத் திரண்டுட்டா என்பார்கள். தாராவியில் பாதிப்பேர் எங்கள் பக்கத்துக்காரர்கள். மாட்டுங்காவில் வளர்ந்த விசு சாரின் காதில் இதை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். அத்தனை ஆண்கள் நடுவில் நான் எப்படிப் போடுவேன்? லேபிளில் குழந்தை இருக்கிறதே, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

மாட்டுங்காவில் மாவு சுமாராகப் போனது. தாராவியில் கடைக்கு வந்த அன்றே தீர்ந்தது. விசு சார் வானத்தில் நடந்தார். கிரேக்கம் தாராவியில் ஓடுகிறது என்று எல்லோரிடமும் சொன்னார். ஏன் ஓடுகிறது என்று விசாரித்து வா என்று என்னை அனுப்பினார்.

விசாரிக்க அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. எங்கள் சந்துக் கடை அண்ணாச்சி, பொம்பளையாளுவ வாங்குதாவ, எனக்கு ஒண்ணும் தெரியாது என்று தராசைத் துடைக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு சொர்ணத்தக்காதான் சொன்னாள். அவள் புருஷனுக்குத் தோல் பட்டறையில் வேலை. அவளும் அப்பளம் இட்டு விற்பாள். மூத்த பெண் வள்ளிக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஆளாகவில்லை. ஊரில் அத்தை மகனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். அத்தை வீட்டிலிருந்து ஆள்மேல் ஆள் விட்டு விசாரிப்பதும், வேறு பெண் பார்க்கட்டுமா என்று ஜாடையாகக் கேட்பதுமாக இருந்தது. சொர்ணத்தக்காவின் வாயிலிருந்து சிரிப்பே போய்விட்டிருந்தது.

"ஏட்டி கோமதி, உங்க கம்பெனிக்காரன் மகராசன்," என்றாள். "எவ்வளவு நாசூக்கா பேரு வச்சிருக்கான். கைப்பிள்ளை படத்தைப் போட்டு ஆம்பளையளை ஏமாத்திட்டாம்லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் நின்ற வள்ளியைப் பார்த்ததும் போய்விட்டது. கொக்கு மாதிரி கை, கால். அந்தப் பெண் வேளாவேளைக்கு மாவைக் கரைத்துக் குடித்துக்கொண்டு, அது தன்னை ஏதாவது செய்யுமென்று காத்துக்கொண்டிருந்தாள். இது கைக்குழந்தைகளுக்கான மாவு, பெயரில் ஒன்றுமில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னேன். டாக்டரிடம் போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், அத்தை காதுக்கும் போய்விடும் என்று சொர்ணத்தக்கா மறுத்தாள். டப்பாவில் எழுத்து எழுதியவள் நான். எழுதியதை நம்பி ஒருத்தி பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறாள். 

மறுநாள் ஒரு பொய் சொன்னேன். மாவு குடிக்கிற பெண்களைக் கம்பெனியே லேடி டாக்டரிடம் அனுப்பி எடை பார்க்கச் சொல்லியிருக்கிறது, அடுத்த டப்பாவை எப்படிச் செய்வது என்பதற்காக என்றேன். கம்பெனி என்றதும் சொர்ணத்தக்கா தயங்காமல் வந்தாள். மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மாள் வள்ளியைப் பரிசோதித்துவிட்டு, காலையில் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டார். டீயும் பாவ் ரொட்டியும். மத்தியானம்? வள்ளி அம்மாவைப் பார்த்தாள். தம்பிமார்களும் அப்பாவும் சாப்பிட்டபின் இருப்பதை என்றாள்.

நோய் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். உடம்பு வளர்வதற்கு அதற்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். முட்டை, கடலை, கீரை, பருப்பு, முடிந்தால் பால். முதல் பந்தியில் சோறு. சொர்ணத்தக்கா தயங்கித் தயங்கிப் பைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து, இதைக் குடுக்கலாமா என்று கேட்டாள். டாக்டர் என் பக்கம் திரும்பாமல் டப்பாவின் முதுகை வாசித்தார். 

"குடுங்க," என்றார். "ஆனா சோத்துக்குப் பதிலா இல்லே. சோத்தோட."

வெளியே வந்ததும் சொர்ணத்தக்கா நடைபாதையில் நின்று அழுதாள். அவ தட்டுல போட மறந்துட்டேனேட்டி என்றாள். வள்ளி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பசிக்குதும்மா, இட்லி வாங்கிக் குடு என்றாள். அந்தப் பெண் தனக்கென்று எதையாவது கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆபீஸில் விசு சாரிடம் போனேன். சார், ஒரு சந்தேகம் என்றேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். லேபிளில் குழந்தையைப் பெரிதாகவும் பெயரைச் சின்னதாகவும் போட்டு, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு என்று கொட்டை எழுத்தில் எழுதினால் என்ன என்று கேட்டேன். ஓடுகிற குதிரையின் காலை எதற்கு ஒடிக்கிறாய் என்றார். யாரோ தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் சார் என்றேன். எப்படித் தப்பாக என்றார். சொல்ல வாய் வரவில்லை. அப்படியானால் வேலையைப் பார் என்றார். ஹிந்திக்காரியின் வைத்தியம் முதல்முறையாகத் தோற்றது. கேட்க முடியாத சந்தேகங்களும் உண்டு என்பதை அவள் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

சில மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் தொழிற்சாலை வாசலில் சொர்ணத்தக்கா நிற்பதாக வாட்ச்மேன் சொன்னான். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் தூக்குச்சட்டி. உளுந்தங்களி. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மணக்க மணக்க. பேர் வச்ச மகராசனுக்கு என் கையாலே செஞ்சது, நீதான் குடுக்கணும் என்றாள். உள்ளே வரச் சொன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டாள்.

விசு சார் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். கரண்டியால் எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு கரண்டி. யார் கொடுத்தது, என்ன விசேஷம் என்று கேட்டார்.

பாண்டுரங் பக்கத்தில் நின்றான். தமிழில் என்னால் சொல்ல முடியாது. ஹிந்தியில் அதைவிட முடியாது. எத்தனையோ நாள் தயிர்சாதத்தோடு கேட்டதில் எனக்கு வேண்டிய ஒரே ஒரு வடிவம் நினைவுக்கு வந்தது.

"எட்ராஃபே, சார்," என்றேன்.

அவர் வாய் நிறையக் களியோடு, பாதிரியாரிடம் ஒப்பிப்பதுபோலத் தானாகவே சொன்னார். "இறந்தகாலம். செயப்பாட்டுவினை. படர்க்கை ஒருமை. ஊட்டப்பட்டாள். வளர்ந்தாள்." கொஞ்சம் மென்றார். "திரண்..."

கரண்டி பாதியில் நின்றது. அலமாரியில் வரிசையாக நின்ற டப்பாக்களைப் பார்த்தார். தூக்குச்சட்டியைப் பார்த்தார். காது நுனிவரை சிவந்துபோனார். தாராவியில் விற்றதெல்லாம் என்று ஆரம்பித்து, நான் தலையாட்டுவதைப் பார்த்து, முடிக்காமல் விட்டுவிட்டார்.  பிறகு பாண்டுரங் பக்கம் திரும்பி, லேபிளில் குழந்தையை இரண்டு மடங்கு பெரிதாகப் போடச் சொன்னார். ஐந்து வயது என்கிற வரியை நான் எழுதித் தர வேண்டும் என்றார். விற்பனை விழுந்தால் சேட்டிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார். விழத்தான் செய்தது. பேசத்தான் செய்தார்.

அன்று நான் கதவுவரைக்கும் போனபோது கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார். வள்ளி என்றேன்.

"நன்னா இருக்கட்டும்," என்றார், தமிழில். சொல்லிவிட்டு மிச்சக் களியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.